ஷூராவும் வாக்குச் சீட்டும்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் வசிக்கும் கொரட்டூரை அடுத்த ஒரு மஹல்லாவில் ஜமாஅத் நிர்வாகத் தேர்தலை நடத்தித் தரும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அரபிக் கல்லூரி ஆசிரியர், எத்தரப்பையும் சாராதவர் என்பதே நமக்கிருந்த தகுதி. தலைவர் பதவிக்கு மூவர் போட்டியிட்டனர். ளுஹர் தொழுகைக்குப் பின் வாக்குப்பதிவு தொடங்கியது. எண்பதை நெருங்கிய பெரியவர் ஒருவர் சீட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஹஜ்ரத், யார் வேணும்னு குறிக்க இடமிருக்கு. யார் வேணாம்னு எங்கே குறிக்கிறது?" வரிசையில் நின்றோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம்.

அன்று மாலை வென்றவரின் பெயரை அறிவித்தபோது கூடியிருந்தோரில் பெரும்பகுதியினர் வாய் திறக்கவில்லை. அடுத்து வந்த ஜுமுஆக்களில் ஒரு சாரார் வேறு பள்ளிவாசலை நாடிச் செல்லத் தொடங்கினர். கள்ள வாக்கு இல்லை. எண்ணிக்கையில் பிழை இல்லை. விதிமுறையில் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை. ஆயினும் ஜமாஅத் பிளந்தது. அந்தப் பெரியவரின் வினாவுக்குரிய விடை, நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் நடத்தும் திர்மிதி கிரந்தத்திலேயே இருந்தது என்பது பிற்பாடுதான் நம் நினைவில் தட்டியது. அதை நினைக்குந்தோறும் நமக்கு வெட்கம் உண்டாகிறது.

இங்கே ஜமாஅத் தலைமை என்பது வெறும் நாற்காலி அன்று. நிக்காஹ் பதிவேடு, மையவாடி, மக்தப், ஜகாத் பங்கீடு, குடும்பப் பிணக்குகளின் பஞ்சாயத்து ஆகிய அனைத்தும் அதனிடம் உள்ளன. பழைய ஊர்களில் இப்பொறுப்பு குடும்ப வழக்கப்படி வந்துகொண்டிருந்தது. அதன் நன்மை தீமை வேறு. அம்பத்தூர், பாடி, கொரட்டூர் வட்டாரமோ தொழிற்பேட்டையையும் இரயில் தடத்தையும் நம்பி வளர்ந்தது. நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வந்து குடியேறியோர் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கின்றனர். தொழுகையில் ஒரே வரிசை; தேர்தல் என்று வந்துவிட்டால் ஊர்வாரியாக, வகையறாவாரியாகப் பிரிந்துவிடுகின்றனர். இத்தகைய இடத்தில் இவர்களை ஒன்றாக வைத்திருக்க வழக்கம் இல்லை. முறை ஒன்றுதான் இருக்கிறது. அம்முறையையே நாம் ஆராயாமல் கைக்கொண்டிருக்கிறோம்.

கைக்கொண்ட முறை யாது? ஒருவருக்கு ஒரு சீட்டு, சீட்டில் ஒரு குறி, அதிகக் குறி பெற்றவர் தலைவர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் வாக்களிக்கும் முறை இது என்பதால் தேர்தல் என்றாலே இதுதான் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நானூறு வாக்குகள் கொண்ட ஜமாஅத். ஒரு வணிகர், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி, ஒரு பள்ளி ஆசிரியர் என மூவர் போட்டியிடுகின்றனர். வணிகருக்கு 160, அதிகாரிக்கு 130, ஆசிரியருக்கு 110. வணிகர் வென்றார் என்று அறிவித்து துஆ ஓதி முடிப்போம்.

இப்போது ஒவ்வொருவரிடமும் "உம் முதல் விருப்பம் கிடைக்காவிடில் அடுத்து யார்?" என்று கேட்டதாகக் கொள்வோம். வணிகர் தரப்பினர் 160 பேரும், அதிகாரி தரப்பினர் 130 பேரும் அடுத்தபடியாக ஆசிரியரைச் சொல்கின்றனர். ஆசிரியர் தரப்பின் 110 பேரில் 80 பேர் அதிகாரியையும் 30 பேர் வணிகரையும் சொல்கின்றனர். கடைசியில் நின்ற ஆசிரியரை விலக்கிவிட்டு ஏனைய இருவருக்கும் மறுசுற்று வைத்தால் அதிகாரிக்கு 210, வணிகருக்கு 190, அதிகாரி தலைவராவார். இருவர் இருவராக நேர் நிறுத்தி எண்ணினால் ஆசிரியர் வணிகரை 240க்கு 160 என்றும், அதிகாரியை 270க்கு 130 என்றும் வெல்வார். மக்கள் அதே மக்கள். அவர்தம் உள்ளக்கிடக்கையும் அதுவே. எண்ணும் முறை மாற, மூன்று தலைவர்கள் தோன்றுகின்றனர். "மக்கள் தீர்ப்பு" என்று நாம் சொல்லிக்கொள்வதில் மக்களின் பங்கு எவ்வளவு, முறையின் பங்கு எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை.

முறையை மாற்றினால் தலைமை மாறும் என்பதற்கு நம் வட்டாரமே சாட்சி. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்த கையோடு நடந்த தேர்தலில் கொரட்டூர் மக்கள் மேயரை நேரடியாகத் தெரிவு செய்தனர். 2022இல் அதே மக்களுக்கு மாமன்ற உறுப்பினரைத் தெரிவு செய்யும் வாக்கு மட்டுமே இருந்தது. மேயரை உறுப்பினர்கள் கூடித் தெரிவு செய்தனர். 1996, 2001, 2011 நேரடி. 2006, 2022 மறைமுகம். முந்தைய முறையில் நகரெங்கும் அறிமுகமான முகம் வேண்டும். பிந்தையதில் கட்சியின் முடிவே முடிவு. ஆட்சியாளர் இதை நன்கறிந்தே மாற்றி மாற்றி வைத்தனர். அறியாதவர்கள் நாம்தாம்.

திர்மிதிக்கு வருவோம். தம்மை வெறுக்கும் கூட்டத்தாருக்கு இமாமாக நிற்பவரைக் கண்டிக்கும் நபிமொழிகளை இமாம் திர்மிதி ஒரு தனிப் பாடத்தில் கொண்டுவருகிறார். அதையொட்டி அஹ்மத் பின் ஹன்பல், இஸ்ஹாக் ஆகிய இருவரின் கருத்தையும் பதிவு செய்கிறார். ஓரிருவரோ மூவரோ வெறுத்தால் குற்றமில்லை, மக்களில் பெரும்பாலோர் வெறுக்கும் நிலை வந்தால்தான் பழுது என்பது அக்கருத்து. வெறுப்பு மார்க்கக் காரணம் பற்றியதாக இருக்க வேண்டும், தனிப்பட்ட பகையாக இருத்தலாகாது என்று பின்வந்த ஃபுகஹாக்கள் வரையறுத்தனர். இது தொழுகைத் தலைமை பற்றிய சட்டம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் ஒரு தலைமையின் தகுதியை அளக்க எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பதோடு எத்தனை பேர் வெறுக்கின்றனர் என்பதையும் எண்ண வேண்டும் என்ற அளவுகோல் அங்கே தெளிவாக இருக்கிறது. அதற்குப் பெரும்பான்மை என்னும் எல்லையும் இடப்பட்டிருக்கிறது. மேற்சொன்ன கணக்கில் வணிகரை விரும்பாதவர் 240 பேர். நம் சீட்டு அந்த 240ஐ இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு 160ஐ மட்டும் காட்டிற்று. பெரியவர் கேட்டது இதைத்தான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2013 முதல் நம் நாட்டு வாக்கு இயந்திரத்தில் 'நோட்டா' இடம் பெற்றது. அது எல்லாரையும் ஒருசேர மறுக்க மட்டுமே உதவும்; இன்னாரை வேண்டாம் என்று சொல்ல உதவாது. எத்தனை பேர் அதை அழுத்தினாலும் மற்றவருள் முந்தியவரே வென்றவர். அதையும் கடன் வாங்கிச் சீட்டின் அடியில் அச்சிட்ட சங்கங்கள் உண்டு. பயன் ஒன்றும் விளைந்ததாகத் தெரியவில்லை.

இங்கே இரு தரப்பினர் நம்மை மறுக்கக்கூடும். வாக்கெடுப்பே அந்நியர் சரக்கு, நம் முன்னோரிடம் இல்லாதது என்பார் ஒரு சாரார். ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பதே சுன்னத், போட்டியே பித்அத் என்பார் மற்றொரு சாரார். இரண்டுமே வரலாற்றைப் புரட்டிப் பார்க்காத பேச்சு.

அல்குர்ஆன் கலந்தாலோசனையை வலியுறுத்துகிறது (3:159, 42:38). ஆலோசித்த பின் எவ்வாறு முடிவெடுப்பது என்ற முறையை அது வகுத்துரைக்கவில்லை. நேர்வழி கலீஃபாக்கள் நால்வரும் நான்கு வழிகளில் பொறுப்பேற்றனர். அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு ஸகீஃபாவில் பைஅத் நடந்தது. அது திடீரென நிகழ்ந்த ஒன்று, அதன் தீங்கிலிருந்து அல்லாஹ் காத்தான், ஆலோசனையின்றிச் செய்யப்படும் பைஅத்துக்கு அதை முன்மாதிரி ஆக்கலாகாது என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்களே பின்னாளில் மிம்பரிலிருந்து எச்சரித்த செய்தி புகாரியில் உள்ளது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து பெயர் முன்மொழிய, நால்வர் "ஆமா ஆமா" என்று குரல் எழுப்ப, "ஏகமனதாக" என்று மினிட் புத்தகத்தில் எழுதி முடிக்கும் நம்மவர், ஸகீஃபாவைச் சான்று காட்டும் முன் அந்தச் செய்தியை ஒருமுறை வாசிப்பது நலம். எதிரில் அமர்ந்திருப்பவரிடம் கடன் பட்டவர், அவர் கடையில் வேலை பார்ப்பவர், அவர் வீட்டில் குடியிருப்பவர் எவ்வாறு கை தூக்காமல் இருப்பார்? அச்சத்தால் பிறந்த மௌனத்தையும் சம்மதத்தால் பிறந்த மௌனத்தையும் மினிட் புத்தகம் பிரித்தறியாது.

முறை என்ற நோக்கில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது ஹிஜ்ரி 23இல், அதாவது கி.பி. 644இல், உமர் (ரலி) அவர்கள் காயமுற்றுக் கிடந்தபோது வகுத்த ஏற்பாடு. அலீ, உஸ்மான், ஸுபைர், தல்ஹா, ஸஅத் பின் அபீ வக்காஸ், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி அன்ஹும்) ஆகிய அறுவர் கொண்ட குழு. தம் மகன் அப்துல்லாஹ் உடன் இருக்கலாம், ஆட்சியில் அவருக்குப் பங்கில்லை என்று நிபந்தனை இட்டார்கள். தபரீ தரும் அறிவிப்பில் காலக்கெடு மூன்று நாள் என்பதும், மும்மூவராகப் பிரிந்தால் என்ன செய்வது என்பதும்கூடச் சொல்லப்பட்டிருக்கின்றன. மரணப் படுக்கையில் கிடந்த ஒருவர் வாக்குச் சமநிலையை எதிர்பார்த்து விதி வகுத்தார். நம் ஜமாஅத்துகளின் விதிமுறை ஏடுகளில் எத்தனை ஏடு சமநிலை வந்தால் என்ன செய்வது என்று பேசுகிறது?

அடுத்து நடந்தது இன்னும் நுட்பமானது. மூவர் தம் உரிமையை வேறு மூவருக்கு விட்டுக்கொடுத்தனர், அறுவர் மூவராயினர். பிறகு அப்துர் ரஹ்மான் (ரலி) தம் வேட்பு நிலையைத் துறந்து, அதற்கு ஈடாகத் தெரிவு செய்யும் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார். போட்டியில் இருப்பவர் தேர்தலை நடத்தலாகாது என்ற நெறி இங்கே செயலில் நிற்கிறது. எஞ்சிய இருவரிடமும் தனித்தனியே, "உமக்குக் கிடைக்காவிடில் மற்றவருக்குக் கட்டுப்படுவீரா?" என்ற பொருளில் உறுதி பெற்றார். இரவுகள் தோறும் மக்களிடம் சென்று விசாரித்தார். திரைக்குள் இருந்த பெண்கள், மக்தபில் பயிலும் சிறுவர், மதீனாவுக்கு வந்த வழிப்போக்கர் வரை கருத்துக் கேட்டார் என்று இப்னு கஸீர் எழுதுகிறார். தலைக்கட்டுச் சந்தா செலுத்தும் ஆண்களின் பெயர்களை மட்டும் வாக்காளர் பட்டியலில் ஏற்றி, கணவரை இழந்து சந்தாவையும் தாமே செலுத்திவரும் பெண்ணின் பெயரை அடித்துவிடும் வழக்கத்தை நாம் எந்த ஸுன்னத்தில் கண்டெடுத்தோம் என்பது தனியே கேட்கப்பட வேண்டிய வினா.

தெரிவாளர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதிலும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஹிஜ்ரி 450இல் மறைந்த மாவர்தீ, அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் பல கருத்துகளை அடுக்குகிறார். ஒவ்வொரு நகரத்தின் முடிச்சிடும் அவிழ்க்கும் உரிமையுடையோரில் பெரும்பாலோர் வேண்டும் என்போர் சிலர். ஐவர் போதும் என்போர் சிலர். நிக்காஹுக்கு ஒரு வலீயும் இரு சாட்சிகளும் போதுமென்பது போல மூவர் போதுமென்பர் கூஃபா அறிஞர். ஒருவரே போதும் என்போரும் உண்டு. தகுதியில் இருவர் சமமாகிப் பிணங்கினால் சீட்டுக் குலுக்கலாம் என்று ஒரு சாராரும், தெரிவாளர் விருப்பத்துக்கு விட வேண்டும் என்று மறு சாராரும் கூறியதையும் அவர் குறிப்பிடுகிறார். இத்தனை மாறுபாடுகளை ஒரே பக்கத்தில் பதற்றமின்றி எழுத அவரால் முடிந்தது. முறை என்பது வஹீயால் முத்திரையிடப்பட்டதன்று, இஜ்திஹாதுக்கு உரியது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

சீட்டுக் குலுக்கல் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகள், தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தல், எடுத்த ஓலையைச் சபையார் கேட்க உரக்க வாசித்தல். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவரின் நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் நுழைய முடியாது. நமக்குப் பெரிதாகத் தோன்றுவது இவற்றினும் வேறொன்று. முதல் ஏற்பாட்டை நடைமுறைப்படுத்திப் பார்த்து, இரண்டே ஆண்டில் அதைத் திருத்தினர். வயது வரம்பைக்கூட 30-60 என்பதிலிருந்து 35-70 என்று மாற்றினர். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கு மட்டுமே திறந்த வாயில் அது. அதை மக்களாட்சி என்று மேடையில் முழங்குவோரோடு நமக்கு உடன்பாடில்லை. குலுக்கலில் மக்களின் விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை. ஆனால் ஆள் பிடித்தலும் விருந்து வைத்தலும் அங்கே செல்லாது. பதவியைக் கேட்டு வந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் அதைத் தர மறுத்த ஹதீஸை அறிந்த நமக்கு, வேட்பாளரே வீடு வீடாகச் சென்று கேட்கும் முறை உறுத்தாததும், குலுக்கல் என்றால் சூதாட்டம் போலத் தோன்றுவதும் வியப்புக்குரியன. காதிஸிய்யாவில் பாங்கு சொல்லும் உரிமைக்குப் பிணங்கியோரிடையே ஸஅத் (ரலி) சீட்டுக் குலுக்கித்தான் தீர்த்தார்.

இனி, விருப்பத்தை வரிசைப்படுத்திக் கேட்கும் முறை. ஐரோப்பாவில் போர்தாவும் கோந்தோர்சேயும் 18ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்தனர். அவர்களுக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே, மயோர்க்காத் தீவின் ரமோன் லுல், வேட்பாளரை இருவர் இருவராக நிறுத்தி ஒப்பிட்டுத் தெரிவு செய்யும் முறையை எழுதிவைத்தார். 1299இல் அதுபற்றித் தனி ஏடே இயற்றினார். அவர் அரபி கற்றவர், அரபியிலும் எழுதியவர் என்பது நம் துறை சார்ந்த மகிழ்ச்சி. தேர்தல் முறையை அரபு நூல்களிலிருந்து எடுத்தார் என்று பெருமை பேச நாம் முற்படவில்லை, அதற்குச் சான்றில்லை.

அந்நியமான முறையும் அன்று இது. நம் குடியரசுத் தலைவர் தேர்தல் இம்முறையில்தான் நடக்கிறது. 1969இல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515 பெற்றும் தேவையான அளவை எட்டவில்லை. அடுத்த விருப்பங்களைச் சேர்த்தபின் 4,20,077 பெற்று வென்றார். இன்னும் அருகில் வருவோம். 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 14ஆம் பிரிவு, முத்தவல்லிகள் உள்ளிட்ட தொகுதிகளிலிருந்து வாரிய உறுப்பினரை மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தேர்ந்தெடுக்க வழி செய்தது. அதாவது, ஆண்டு வருமானம் ஒரு இலட்சமும் அதற்கு மேலும் உள்ள வக்ஃபுகளின் முத்தவல்லிகள் 1, 2, 3 என்று விருப்பத்தை எண்ணிட்டு வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். முப்பது ஆண்டுக்காலம் சட்டப் புத்தகத்தில் இருந்த இம்முறையை நம் மஹல்லாக்களுக்குக் கொண்டுவர எவரும் முனையவில்லை. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அத்தேர்தலையே நீக்கி, மாநில அரசு நியமிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தேர்தல் பறிபோனது குறித்து நாம் வருந்தியது சரியே. கையில் இருந்தபோது அதன் அருமையை உணர்ந்தோமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முறையைச் சீட்டில் அச்சிட்டால் மட்டும் போதாது என்பதை இலங்கை காட்டுகிறது. அங்கே அதிபர் தேர்தலில் மூன்று விருப்பம் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. முதலில் 42.31 விழுக்காடு பெற்ற அநுர குமார திசாநாயக்க வென்றார். ஆனால் அவருக்கு விருப்ப வாக்குகளால் கூடியது ஏறத்தாழ ஒரு இலட்சத்து ஐயாயிரம், இரண்டாமவரான சஜித் பிரேமதாசவுக்கு ஒரு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம் மட்டுமே. மூன்றாம் இடத்தில் நின்றவருக்கு மட்டும் விழுந்த வாக்குகள் இருபத்திரண்டு இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் ஒரே குறியோடு நிறுத்திக்கொண்டனர். மக்களுக்குக் கற்பிக்கப்படாத முறை காகிதத்திலேயே தங்கிவிடுகிறது.

குறையற்ற முறை என்று ஒன்றில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மூவரோ அதற்கு மேற்பட்டோரோ போட்டியிடும்போது நியாயமான எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் வரிசை முறை இருக்க முடியாது என்று 1951இல் கென்னத் ஆரோ நிறுவினார். இருவர் இருவராக ஒப்பிடும்போது சில வேளை வட்டமாகச் சுற்றி வெற்றியாளரே இல்லாமல் போவதும் உண்டு. ஆயினும், கூட்டத்தாரில் பெரும்பாலோர் வேண்டாம் என்பவரைத் தலைமையில் அமர்த்தாத முறை எது என்று பார்த்தால், ஒற்றைக் குறிச் சீட்டு முதலில் கழிய வேண்டியது. திர்மிதி பதிவு செய்த அளவுகோலின்படி அதற்கு இடமில்லை.

சென்ற கல்வியாண்டில் நம் கல்லூரி மாணவர் மன்றத் தேர்தலில் இதைச் சோதித்துப் பார்த்தோம். சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண்ணிடச் சொன்னோம். ஒவ்வொரு பெயரின் ஓரத்திலும் 'வேண்டாம்' என்பதற்கு ஒரு கட்டம் வைத்தோம். பாதிக்கு மேற்பட்டோர் அக்கட்டத்தில் குறியிட்டால் அவர் பெயர் எண்ணிக்கைக்கே வராது. ஆரவாரமான அணி திரட்டிய மாணவர் ஒருவர் முதல் விருப்பத்தில் முந்தியும் இறுதியில் தோற்றார். யாரும் பெரிதாகக் கருதியிராத ஒருவர் வென்றார். தோற்றவரின் அணியினரே அவரை இரண்டாவதாகக் குறித்திருந்ததால் முணுமுணுப்பு எழவில்லை.

அச்சீட்டின் மாதிரியை முன்சொன்ன மஹல்லாவின் நிர்வாகத்துக்கு அனுப்பிவைத்தோம். பொதுக்குழுவில் மூன்று முறை விவாதித்துவிட்டனர். கொள்கையளவில் எதிர்ப்பில்லையாம். எண்ணி முடிக்க நள்ளிரவாகும் என்பதே அவர்களின் தடை என்று செயலாளர் சொன்னார். மாணவர் தேர்தலில் ளுஹருக்குப் பின் பெட்டியைத் திறந்தோம். கரும்பலகையில் கோடு கிழித்து எண்ணி, அஸர் பாங்குக்கு முன் முடித்துவிட்டோம். இதையும் அவருக்கு எழுதியிருக்கிறோம்.